அதே குரல் அருணகிரி

ஜூலை 7, திங்கள்

இந்த டைரி, ஜனவரியில் ஒரு உரக் கம்பெனிக்காரர் எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்தது. இதுவரை இதில் பால் கணக்குத்தான் எழுதினேன். இப்போது பால்காரரே போனில் கணக்கு அனுப்பிவிடுகிறார். மிச்சப் பக்கங்கள் வீணாகப் போவானேன் என்று எடுத்தேன். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, அதுவும் ஒரு காரணம்.

டாக்டர் இன்று தீர்த்துச் சொல்லிவிட்டார். இவர் தொண்டையில் வந்த கட்டி குரல் நாண்களுக்குக் கீழே இருக்கிறது. குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு. பேசுவதற்கு ஏதோ கருவி வைத்துப் பழக்குவார்களாம், அது பின்னால். பாட்டைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சர்க்கரை எக்கச்சக்கமாக இருப்பதால், அது இறங்கியதும் ஆபரேஷனுக்குத் தேதி தருவார்கள்.

இவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஆடி மாசம் நிறைய ப்ரோகிராம் ஒத்துக்கிட்டிருக்கேன் சார். அது முடிஞ்சு வச்சுக்கலாமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார், புத்தி சொல்ல வேண்டியவள் நான்தான் என்பதுபோல. பாட்டுக்குப் பாட்டு கடைவாயில் புகையிலை ஒதுக்கியவருக்கு நான் சொல்லாத புத்தியா.

வெளியே வந்தால், ஒரு நர்ஸ் ஓடிவந்து, "சார், நீங்க 'அதே குரல்' அருணகிரிதானே?" என்று கேட்டாள். போஸ்டரில் அப்படித்தான் போடுவார்கள். மெல்லிசைக் குழுவில் பெரியவர் பாட்டுகளை இவர்தான் பாடுவார். பெரியவர் என்றால் சினிமாவில் பாடிய அந்தப் பெரிய பாடகர். மரியாதைக்காகக் குழுவில் யாரும் பெயர் சொல்வதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது அவர், எது இவர் என்று தெரியாது. நர்ஸுக்காக இரண்டு வரி பாடிக் காட்டினார். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை, மருந்துக் கடைப் பக்கம் போய்விட்டேன்.

நித்திலா புனேயிலிருந்து பேசினாள். நிறைய அழுதாள், பிறகு சட்டென்று காரியத்துக்கு வந்துவிட்டாள். அந்தக் குணம் என்னுடையது. "அம்மா, அதுக்கு முன்னாடி அப்பா குரல ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணிடணும். போன்ல எல்லாம் வேணாம். நல்ல மைக் வாங்கு. என்ன வாங்கணும்னு நான் பாத்துச் சொல்றேன்."

சரி என்றேன். ஏதாவது ஒன்று வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இப்போது ஆறுதலாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

சர்க்கரை இறங்கவில்லை. மதியத்துக்கு இனிமேல் கேழ்வரகு ரொட்டி என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

காலையில் வழக்கம்போல இவர் இஸ்திரி போட்டார். எனக்கு ஒரு வேலை மிச்சம் என்றாலும், அந்த அரைமணி நேரம் என் காதுக்கு ஓய்வு கிடையாது. மூக்கால் ஏதோ ஒரு மெட்டை இழுத்துக்கொண்டே தேய்ப்பார். வார்த்தை கிடையாது. காலர் வந்ததும் நின்றுவிடும், அடுத்த சட்டைக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதைக் கேட்டால் இவர் மேடைப் பாடகர் என்று ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். நடுநடுவே, "திலகா, தண்ணி பாட்டில் எங்க?" தினமும் ஜன்னல் மேல்தான் இருக்கிறது. தினமும் "ஜன்னல் மேல இருக்குங்க" என்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து வீடு மாறியது, ஜன்னல் மாறியது, கேள்வி மாறவில்லை.

ஜூலை 10, வியாழன்

அரை நாள் லீவு போட்டு, மெயின்கார்டு கேட் பக்கம் இருக்கும் இசைக்கருவிக் கடைக்கு இரண்டு பேரும் போனோம். நித்திலா சொன்னதை எல்லாம் போனில் வைத்திருந்தேன். மைக், மைக்கையும் லேப்டாப்பையும் சேர்க்கும் சின்னப் பெட்டி, ஹெட்போன், ஸ்டாண்டு, எச்சில் தெறிக்காமல் மைக்குக்கு முன்னால் வைக்கும் வலை. அந்தப் பெட்டிக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர். எங்கள் மின்வாரிய ஆபீஸ் பில் கவுன்ட்டரில் நான் செய்யும் வேலைதான் அதுவும், இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுப்பது.

கடைக்காரர் தாடியை அழகாக வெட்டிவிட்டிருந்தார். "எதிரொலி வராம ரூம் ட்ரீட்மென்ட் பண்ணியிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார். ட்ரீட்மென்ட் என்ற வார்த்தையை இந்த வாரம் கேட்டவரை போதும். இல்லை என்றேன்.

"அப்ப டைனமிக் எடுத்துக்கோங்க. கைல பிடிச்சுப் பாடற மேடை மைக் மாதிரி. வாய்க்குப் பக்கத்துல இருக்கறதத்தான் பிடிக்கும். கண்டென்சர் எடுத்தா ரூம்ல இருக்கற அத்தனையும் விழும். பல்லி கத்தறதுகூட."

இவருக்கு டைனமிக் பிடித்துப்போயிற்று. கையில் எடுத்ததும் மணிக்கட்டு தானாக மடங்கி, ஒயரை விரலில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார். ஆனால் நித்திலா கண்டென்சர்தான் என்று அடித்துச் சொல்லியிருந்தாள். மேடை மைக்கில் மூச்சு வராது, நுணுக்கம் வராது, அப்பா குரல் முழுசாக வேண்டும் என்று. நான் பெண் பக்கம் நின்றேன்.

ஹெட்போனில் திறந்தது, மூடினது என்று இரண்டு ஜாதி. காதை முழுக்க மூடுவதுதான் பாடுகிறவர்களுக்கு, உள்ளே ஓடும் சத்தம் வெளியே கசியாது என்றார். அதையே எடுத்தோம்.

ஆட்டோவில் வரும்போது, மைக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "ரொம்ப வருஷமா இந்த மாதிரி ஒண்ணு வாங்கணும்னு நெனச்சேன்" என்றார். சிரித்த முகமாக இருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

ஜூலை 12, சனி

டாக்டர் சொன்னதுபோலவே, காலையில் எழுந்ததிலிருந்து பதினோரு மணிவரைதான் குரல் சுத்தமாக இருக்கிறது. அப்புறம் கரகரப்பு. ஆகவே ஏழு மணிக்கே ஆரம்பித்தோம்.

கீபோர்டு வாசிக்கும் அமல்ராஜ் வந்தார். இருபது வருஷமாக இவரோடு மேடை ஏறுகிறவர். கையில் பெரிய கட்டாக முட்டை அட்டைகள். "சுவரெல்லாம் ஒட்டிட்டா வெளிச் சத்தம் வராது அண்ணி." ஒட்டினோம். வெளிச் சத்தம் வந்தது, முட்டை வாடையும் சேர்ந்து வந்தது. எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, முட்டை வியாபாரம் ஆரம்பித்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

நித்திலா வீடியோவில் வந்து எல்லாவற்றையும் பிய்த்து எறியச் சொன்னாள். மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்க்க வேண்டும், ஜமுக்காளத்தைக் கதவில் தொங்கவிட வேண்டும், பீரோவைத் திறந்து வைத்துச் சேலைகளுக்கு எதிரே அப்பா நிற்க வேண்டும். துணி சத்தத்தை வாங்கிக்கொள்ளுமாம். என் கல்யாணப் பட்டைப் பார்த்துக்கொண்டு பாடத் தயாரானார். கையில் மைக் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காலை வழிபாட்டில் நிற்கும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். ஃபேன் போடக்கூடாது. வேர்த்துக் கொட்டியது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ரெக்கார்டில் எல்லாம் இருந்தது. பக்கத்து வீட்டு குக்கர், மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், மைனா, "பழைய இரும்பு, பிளாஸ்டிக்" வண்டி, என் வளையல். இவர் பாட்டும் எங்கேயோ இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

அமல்ராஜ் தன் மேடை மைக்கையே எடுத்துவந்து, "அந்த ஸ்டாண்டு மைக்க தூரப் போடுங்க அண்ணி" என்றார். தூரப் போட மனம் வரவில்லை. ஸ்டாண்டோடு மூலையில் நிறுத்தினேன்.

ஹெட்போனில் பின்னணி இசையை ஓடவிட்டு, கையில் மைக்கைக் கொடுத்ததும், ஆள் மாறிவிட்டார். ஒரே மூச்சில் நான்கு பாட்டு. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டேன். சங்கதி ஒவ்வொன்றும் அப்படியே, சிரிப்பு வரும் இடத்தில் அதே சிரிப்பு, பெரியவர் மூச்சு வாங்கும் இடத்தில் அதே மூச்சு. அமல்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, பெரியவரே எதிர்ல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு" என்றார்.

இவருக்கு அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. நான்கையும் நித்திலாவுக்கு அனுப்பினேன். ஒரு வேலை முடிந்தது என்று நினைத்து, இரண்டு நாள் துணியை ஊறவைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

நித்திலா இன்றுதான் கூப்பிட்டாள், ஆபீசில் கூட்ட நேரத்தில்.

"அம்மா, கேட்டேன். ரொம்ப நல்லா இருக்கு."

"அப்புறம் என்னடி இழுக்கற?"

"இது அவரும்மா. பெரியவர். இத நான் எப்ப வேணா, எங்க வேணா கேட்டுக்கலாம். அப்பா எங்கம்மா இதுல?"

நாற்பது வயது ஆள் ஒருவர் பில் தப்பு என்று கவுன்ட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், பில்லில் நிஜமாகவே தப்பு இருந்தது.

அவள் சொன்னது எனக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன் இவரை நான் மேடையில்தான் பார்த்தேன். அந்தக் குரலுக்காகத்தான் சரி என்று சொன்னேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. கல்யாணமாகி வீட்டுக்கு வந்த பிறகு, "திலகா, தாம்பாளத்த எங்க வைக்க?" என்று ஒரு மெல்லிய, மூக்கடைத்த குரல் கேட்டது. யாரோ என்று திரும்பினேன். இவர்தான். உறவுக்காரப் பெண்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள், "வீட்லயும் அந்தக் குரல்லதான் பேசுவாரா?" என்று. ஆமாம், அப்படியே தேன் வடியும் என்று சொல்லிவைப்பேன்.

ஜூலை 17, வியாழன்

நித்திலா சொன்னதை இவரிடம் சொல்லிவிட்டேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். வருத்தப்படவில்லை. கணக்குப் புரியாத பிள்ளையாக என்னையே பார்த்தார்.

"என் குரல்னா எது?"

"உங்க குரல்தாங்க. சும்மா பாடுங்க."

பாடினார். பெரியவர் வந்தார். நிறுத்தி, சுருதியைக் கொஞ்சம் இறக்கினார். பழைய காலத்துப் பாடகர் ஒருவர் வந்தார். ஏற்றினார். இப்போதைய பாடகர் ஒருவர். ஒருத்தரை வெளியே அனுப்பினால் இன்னொருத்தர் உள்ளே வருகிறார். ஹெட்போனைப் போட்டால் இன்னும் மோசம். காதில் தன் குரல் விழுந்ததும் அதைத் திருத்தித் திருத்தி, பெரியவர் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறார். மேடையில் பாடக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அதுதானே வேலை. கொஞ்சம் விலகினாலும் கீழே விசில் அடித்து உட்காரச் சொல்லிவிடுவார்கள்.

ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தேன், அதற்குள் பதினோரு மணி ஆகிவிட்டது. கரகரப்பு வந்ததும் விட்டுவிட்டோம்.

ஜூலை 22, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்று எங்கள் தெருவில் கரண்ட் கிடையாது. மின்வாரியத்தில் வேலை பார்ப்பதால், கரண்டை நிறுத்துவதே நான்தான் என்று தெருவில் எல்லோருக்கும் எண்ணம். என் சர்வீசில் முதல் தடவையாக இந்த நாளுக்காக நானும் காத்திருந்தேன். மோட்டார் ஓடாது, மிக்சி ஓடாது, டி.வி. கத்தாது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தால் போதும், அந்தச் சின்னப் பெட்டிக்கும் மைக்குக்கும் அதிலிருந்தே மின்சாரம் கிடைத்துவிடும். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. லீவு போட்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு ஃபேன் நின்றது. தெருவே அடங்கியது. இப்படி ஒரு அமைதி இந்தத் தெருவுக்கு உண்டு என்பது எனக்கே தெரியாது. மூலையில் இருந்த கண்டென்சரை எடுத்து நடுவில் வைத்தேன். ஹெட்போன் வேண்டாம், பின்னணி இசை வேண்டாம் என்றேன்.

அவர் ஆரம்பித்தார், நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். நான்கைந்து தடவை. அப்புறம் வெறுமனே நின்றார். வரி மறந்தவர்கள் நிற்பதுபோல. அந்த அமைதியில் அவர் மூச்சில் இருந்த கரகரப்பு எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

"எனக்குன்னு ஒண்ணும் இல்ல போலருக்கு திலகா" என்றார். "வாடகை வீட்லயே இருந்துட்டேன். இப்ப காலி பண்ணச் சொல்றாங்க, எடுத்துட்டுப் போக ஒரு சாமானும் இல்ல."

மெத்தையை இறக்கிக் கட்டிலில் போட்டேன். அவர் படுத்துக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். கரண்ட் இல்லாததால் மிக்சியைப் போட்டுக்கொண்டு அழவும் வழியில்லை, வாயில் முந்தானையை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜூலை 23, புதன்

மைக் ஸ்டாண்டில் ஈரத்துண்டு காய்கிறது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 25, ஆடி வெள்ளி

ஆபீஸ் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது, தெருமுனை அம்மன் கோயில் மைக்கில் இவர் பாடிக்கொண்டிருந்தார். ஆடி ப்ரோகிராமை எல்லாம் விட்டுக்கொடுத்தவர் சொல்லாமல் கொள்ளாமல் மேடை ஏறிவிட்டாரே, தொண்டை என்ன ஆவது என்று பையைக்கூடச் சரியாகப் பிடிக்காமல் ஓடினேன். கோயில் வாசலில்தான் போஸ்டரைப் பார்த்தேன். அதே குழு, அதே எழுத்து. "அதே குரல் வசந்தராஜ்."

வீட்டில் இவர் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாளத்துக்குத் தொடையில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பையன் நல்லா பாடறான்" என்றார். "போஸ்டர்ல என்ன போட்டிருக்காங்க?"

சொன்னேன்.

"சரிதான். குரல் அதேதானே."

உள்ளே வந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் குரலுக்கு மூன்று வாரத்துக்குள் ஆள் கிடைத்துவிட்டது. அந்தப் பையனுக்குப் பிறகும் ஒருவர் கிடைப்பார். காலையில் இந்த வீட்டில் மூக்கால் இழுக்கும் அந்தச் சத்தத்துக்குத்தான் யாரும் போஸ்டர் அடித்து ஆள் கொண்டுவர மாட்டார்கள்.

ஜூலை 29, செவ்வாய்

சர்க்கரை இறங்கிவிட்டது. பாஸானவர்போல ரிப்போர்ட்டை எல்லோருக்கும் காட்டினார். ஆபரேஷன் அடுத்த செவ்வாய். தலைவழியாகப் போடும் பனியன் எதுவும் ஆகாது, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகளாக எடுத்துவாருங்கள் என்றார்கள்.

ஜூலை 31, வியாழன்

தனியாகக் கடைக்குப் போனேன். மைக் ஒயர் நீளமாக ஒன்று வேண்டும், பெட்ரூமிலிருந்து சமையலறை வரை வர வேண்டும் என்றேன்.

"என்ன ரெக்கார்டிங் மேடம்?"

"இஸ்திரி போடறது."

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். ஃபேன் ஓடுமா என்று கேட்டார். ஓடும் என்றேன். "அப்ப கண்டென்சர் சரியா வராது மேடம். ஃபேன் சத்தம் பூரா விழும். டைனமிக் எடுத்துக்கோங்க, பழச மாத்தித் தரேன்."

"விழட்டும்" என்றேன். இந்த ஒரு மாதத்தில் எனக்குத் தெரியாததை எல்லாம் நிறையப் பேர் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று செய்துவிட்டேன்.

அவர் குளிக்கப் போனபோது ஸ்டாண்டிலிருந்த துண்டை எடுத்தேன். மைக்கை அவர் தேய்க்கும் மேஜைப் பக்கம் திருப்பினேன். ஒயரைக் கட்டிலுக்கு அடியில் விட்டு, கதவிடுக்கு வழியாகச் சமையலறைக்குக் கொண்டுவந்தேன். மெத்தையும் இல்லை, ஜமுக்காளமும் இல்லை. ஃபேனை நானே போட்டுவைத்தேன். அவர் அந்த மைக்கைப் பார்த்திருப்பார். பத்து நாளாகத் துண்டு காயப்போடும் கம்பி அது, அவ்வளவுதான்.

சமையலறைத் தரையில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில், மடியில் லேப்டாப்பும் காதில் ஹெட்போனுமாக உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் சட்டைகளைத் தேய்க்க ஆரம்பித்தார்.

ஃபேன் சத்தம் ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து அது வந்தது. வார்த்தை இல்லாத அந்த மெட்டு. கொஞ்சம் மூக்கடைப்பு, சுருதி ஒரு மயிரிழை கீழே, அவசரம் இல்லாமல். யார் மாதிரியும் இல்லை. இத்தனை வருஷம் இதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, பாத்திரம் உருட்டிக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. காதுக்குள் வந்து உட்கார்ந்து பாடினார். எனக்கு இது பிடிக்கும். எப்போதுமே பிடிக்கும். எதற்காக இதைத் தொல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

மூன்றாவது சட்டையில் காலர் வந்ததும் மெட்டு நின்றது.

"திலகா, தண்ணி பாட்டில் எங்க?"

பதில் சொன்னால் ரெக்கார்டில் விழும். வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"திலகா?" கொஞ்ச நேரம் இஸ்திரிப் பெட்டியின் சத்தம்கூட இல்லை. அப்புறம் இன்னொரு தடவை, மெதுவாக, "திலகா."

அவரே தேடி எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். மெட்டு மறுபடி ஆரம்பித்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

உள்ளே கொண்டுபோகும்போது, "போய் காபி குடி" என்றார். குடித்தேன் என்று பொய் சொன்னேன். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நித்திலா வந்துவிட்டாள். எழுதி எழுதி அழிக்கும் குழந்தைகள் சிலேட்டு ஒன்று வாங்கிவந்தாள். மூக்கில் குழாய், கழுத்தில் குழாய், ஆனால் சிலேட்டு வந்ததும் பழைய அதிகாரமும் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரரின் போன் அடித்ததும், இரண்டு நொடி கேட்டுவிட்டு எழுதினார். "பெரியவர் பாட்டு. ஆனா பாடறது அவர் இல்ல. மதுரைக் குழு ஆள்." அந்த மனிதரைக் கேட்டால், ஆமாம், மதுரையில் ஒரு கல்யாணத்தில் பதிவுசெய்ததாம். யார் குரலாக இருந்தாலும் இவருக்கு இரண்டு நொடி போதும்.

வெளியே பெஞ்சில் வைத்து நித்திலாவுக்கு ரெக்கார்டைப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றாமலே என் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்புறம் வழக்கம்போலக் காரியத்துக்கு வந்தாள். "ஃபேன் சத்தத்த எடுத்துடலாம்மா. அதுக்கு வழி இருக்கு."

எடுத்துக் காட்டினாள். ஃபேனோடு சேர்ந்து அவர் மூச்சும் போய்விட்டது. மிச்சமிருந்த குரல் வாயில் துணி அடைத்ததுபோல இருந்தது.

"வேணாம். ஃபேன் ஓடட்டும்" என்றேன்.

அவரிடம் இப்போது காட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். ஹெட்போன் ஒயரைச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. கழுத்துத் துளையைச் சுத்தம் செய்ய நானும் கற்றுக்கொண்டுவிட்டேன். நித்திலா நேற்று ஊருக்குப் போனாள். நாளை நான் ஆபீஸ் போக வேண்டும்.

காலையில் சட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நான் சமையலறையில் புளி கரைத்தேன். ஃபேன் ஓடியது. இஸ்திரிப் பெட்டி போய்ப் போய் வந்தது. வேறு எதுவும் இல்லை. காலர் எப்போது வந்தது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை அவரே ஜன்னலிலிருந்து எடுத்துக்கொண்டு, அவரே திருப்பி வைத்தார். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை எடுத்துப்போய் மேஜைமேல் வைத்தேன். "இத கொஞ்சம் கேளுங்க" என்று ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன். மூன்றாவது சட்டையின் ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டேன்.

யார் குரலையாவது எடைபோடும்போது செய்வதுபோல, கண்ணை மூடிக்கொண்டார். காதை மூடும் ஹெட்போன், எனக்கு எதுவும் கேட்காது. திரையில் குரல் மேடும் பள்ளமுமாக ஓடுவதை மட்டும் பார்த்தேன். இரண்டு நொடி ஆயிற்று. பத்து நொடி ஆயிற்று. அவர் புருவம் சுருங்கியது. தொடையில் விரல் தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது. சிலேட்டைக் கேட்டார்.

"ஃபேன ஆஃப் பண்ணியிருக்கலாம்" என்று எழுதினார். கீழே, "சுருதி கொஞ்சம் கம்மி. ஆனா நல்லா இருக்கு."

அப்புறம் எனக்குக் காட்டாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இன்னொரு வரி எழுதித் திருப்பினார்.

"யார் இது?"

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்க, கேளுங்க" என்று வாயசைத்துக் காட்டினேன். திரையில் மேடெல்லாம் முடிந்து கோடு தட்டையாக ஓடியது. அடுத்து வருவது அவர் என்னைக் கூப்பிட்ட இடம், எனக்கு மனப்பாடம். முதலில் நீளமாக ஒரு மேடு. அவர் கண்ணைத் திறந்தார். கொஞ்சம் இடைவெளி விட்டுச் சின்னதாக ஒன்று. இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் விலகின. அப்புறம் வெகுநேரம் தட்டைக் கோடு. மூன்றாவது மேடு இருக்கிற இடமே தெரியாது, அவ்வளவு சின்னது. அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"ஜன்னல் மேல இருக்குங்க" என்றேன்.